நடுவில் வைத்த மூட்டை

காலை ஆறு மணி பத்து நிமிடம். கதவைத் திறந்ததும் முதலில் கண்ணில் பட்டது, என் புல்லட்டின் பின் சீட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு சிமெண்ட் மூட்டைகள்.

உள்ளே இருந்தது சிமெண்ட் இல்லை, மணல். ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி, நைலான் கயிற்றால் சீட்டோடு இறுக்கிக் கட்டியிருந்தது. மேல் மூட்டையில் கறுப்பு மையால் '56' என்று எழுதியிருந்தது. வண்டி ஸ்டாண்டில் இல்லை. இரண்டு பக்கமும் ஸ்டூலை முட்டுக் கொடுத்து நிமிர்த்தி வைத்திருந்தார்கள்.

பின் சக்கரத்துக்குப் பக்கத்தில் ஈரத் தரையில் மண்டியிட்டு, ஒரு கண்ணை மூடிக்கொண்டு எவர்சில்வர் ஸ்கேலைப் பார்த்துக்கொண்டிருந்தார் சதாசிவம். எங்களுக்கு மேல் வீட்டுக்காரர். பாதுகாப்புத் துறைத் தொழிற்சாலையில் தர ஆய்வாளர். பல்லடத்துக்காரர்.

"குட்மார்னிங்க சார்."

"இது என்ன?" என்றேன்.

"இதுதானுங்க உங்க வீட்ல," என்று மூட்டையைத் தட்டிக் காட்டினார்.

ஐம்பத்தாறு என்பது என் மனைவி வசந்தாவின் எடை. எங்கள் பிளாக்கில் பன்னிரண்டு வீடுகள். பால் வாங்கப் போகிறவர்கள் எல்லோரும் அந்த எண்ணைப் படித்துக்கொண்டே போனார்கள்.

பஸ்ஸுக்குப் பின்னால்

ஆவடியில் நாங்கள் இருந்த குவார்ட்டர்ஸ் வசந்தாவின் பெயரில் ஒதுக்கியது. அதே தொழிற்சாலையின் அலுவலகத்தில் அவள் கிளார்க். நான் ஒரு நாளிதழுக்கு மேற்குப் புறநகர்ச் செய்தியாளன். அம்பத்தூர் நகராட்சிக் கூட்டம், திருநின்றவூரில் ஏரி நிரம்பியது, பூந்தமல்லியில் லாரி கவிழ்ந்தது, இவைதான் என் உலகம். அந்த அலைச்சலுக்காக வாங்கியது புல்லட்.

எண்பதுகளின் கடைசி. குவார்ட்டர்ஸில் தமிழ்நாட்டின் எல்லா மாவட்டமும் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை மதியம் மாடிப்படி ஏறினால் கீழே நாகர்கோவில் மீன் குழம்பு, நடுவில் வேலூர்க் கத்தரிக்காய், மேலே சதாசிவம் வீட்டுக் கொள்ளுப் பருப்பு என்று படிக்கட்டிலேயே பாதி மாநிலத்தைச் சுற்றி வந்துவிடலாம்.

வசந்தா அருப்புக்கோட்டை. பள்ளியில் தமிழ்நாடு வரைபடம் வரையும்போதெல்லாம் ஒரே இடத்தில் தப்புப் பண்ணுவாளாம். கிழக்குக் கடற்கரை நேராக இறங்கி வந்து, சட்டென்று மூக்கு மாதிரி வெளியே நீட்டிக்கொண்டு, அப்புறம் உள்ளே மடங்கும். அந்த மூக்கின் நுனி கோடியக்கரை. அவள் வரைந்தால் ஒரு தடவை அது யானைத் துதிக்கையாகும், இன்னொரு தடவை அறவே இருக்காது. டீச்சர் சிவப்பு மையில் சுழித்துக்கொண்டே இருந்தாராம்.

"அந்த எடம் நெசமாவே அப்படித்தான் இருக்கான்னு போய்ப் பாக்கணும்" என்று கல்யாணமான புதிதில் சொன்னாள். மற்றவர்கள் ஊட்டி, கொடைக்கானல் கேட்பார்கள். இவள் கேட்டது இது. அதுவும் பஸ்ஸில் வேண்டாமாம். கரையை ஒட்டியே வண்டியில் போகவேண்டும், கோடு வரைகிற மாதிரி.

முதல் தடவை புறப்பட்டோம். கடலூர் வரைதான் போக முடிந்தது.

அங்கே பேருந்து நிலையத்துக்கு எதிரே டீ குடிக்க நிறுத்தினேன். வசந்தா இறங்கினாள். இறங்கியவளால் நிமிர முடியவில்லை. இடுப்பில் கை வைத்து, வளைந்தபடியே நின்றாள். கண்ணில் தண்ணீர். கால் மணி நேரம் கழித்து, "நான் பஸ்ஸுல வர்றேன். நீங்க வண்டியை எடுத்துட்டு வாங்க" என்றாள். சென்னை பஸ் ஒன்று நின்றுகொண்டிருந்தது.

அன்றைக்கு அந்தப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஓட்டிக்கொண்டு வந்தேன். ஜன்னலோரம் அவள் தலை தெரிந்தது. கடலூரிலிருந்து ஒவ்வொரு நிறுத்தத்திலும் நானும் நின்றேன். திண்டிவனத்தில் ஜன்னல் வழியாக இரண்டு கமலா ஆரஞ்சு கொடுத்தேன். பக்கத்து சீட்டு அம்மாள் அவளிடம், "யாரும்மா அந்த ஆளு? பாண்டிச்சேரியில இருந்து பின்னாடியே வர்றான்" என்று கேட்டிருக்கிறார்.

"தெரியலைம்மா" என்று சொல்லிவிட்டு வசந்தா பழத்தை உரித்திருக்கிறாள்.

சிரித்துக்கொண்டுதான் இதை என்னிடம் சொன்னாள். ஆனால் அதற்குப் பிறகு பத்து மாதம் அவள் வண்டியில் ஏறவில்லை. தொழிற்சாலை மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுத்தார்கள். எலும்பில் கோளாறு இல்லை. குலுங்கக் கூடாது என்றார் டாக்டர். சந்தைக்கு நடந்து போவாள், நான் வண்டியில் பின்னால் பையோடு வருவேன்.

மறுபடி தை மாதம் நெருங்கியது. ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சொன்னாள்:

"இன்னொரு தடவை போய்ப் பாப்போம். இந்தத் தடவையும் பாதியில இறங்குனேன்னா வண்டியை வித்துருவோம். என் செக்‌ஷன்ல ஒருத்தரோட மச்சினன் பட்டாபிராமில இருக்காரு. புல்லட்டு தேடுறாராம். நாம போயிட்டு வந்த அடுத்த ஞாயித்துக்கிழமை வந்து பாக்கச் சொல்லியிருக்கேன்."

கோபமாகச் சொல்லவில்லை. லீவு விண்ணப்பம் எழுதிக் கொடுக்கிறவள் குரலில் சொன்னாள். 

மூன்று ஜோடி

பிரச்சினை பின் சக்கரத்துக் குலுக்கலைத் தாங்கும் ஷாக் அப்சார்பரில், அதாவது பின் ஷாக்கில் என்று முடிவு கட்டினோம். 'கட்டினோம்' என்பதில் வசந்தா கிடையாது. நான், சதாசிவம், கரையான்சாவடி மெக்கானிக் எத்திராஜ், மூன்று பேர்.

எத்திராஜுக்குப் பெயர்ப்பலகை போட்ட கடை கிடையாது. மெயின் ரோட்டில் ஒரு தூங்குமூஞ்சி மரம், அதற்கடியில் ஒரு தகரப்பெட்டி. எந்த வண்டி வந்தாலும் அவர் முதலில் ஸ்பேனரை எடுக்கமாட்டார். ஏறி உட்கார்ந்து இரண்டு தடவை குதிப்பார். குதித்துவிட்டு ஓட்டுகிறவனின் ஜாதகத்தைச் சொல்வார்.

"இன்னா சார், இதுல டெய்லி மூணு பேர் போறீங்களா?" என்பார். அல்லது, "தனியாத்தான் சுத்துறே போல. கல்யாணம் ஆவல?" என்பார். பெரும்பாலும் சரியாக இருக்கும். என் வண்டியில் குதித்துவிட்டு, "ஷாக்கு செத்துப் பல மாசம் ஆவுது. நீங்க சைலன்சர் சவுண்டுல கவனிக்கல" என்றார்.

தேர்ந்தெடுக்க மூன்று ஜோடி இருந்தன.

ஒன்று, கம்பெனி ஷாக், புதியது. சாது. எல்லோருக்கும் பொதுவானது. இரண்டு, கெட்டி ஸ்பிரிங் போட்டது. அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு சிறு பட்டறையில் தடிமனான கம்பியில் சுற்றிக் கொடுத்தார்கள். மூன்றாவது, எத்திராஜ் எங்கிருந்தோ கொண்டு வந்த வெளிநாட்டு கேஸ் ஷாக். மஞ்சள் ஸ்பிரிங்கும் பக்கத்தில் ஒரு குட்டி சிலிண்டருமாக, பார்த்தால் கழற்றி ஷோகேஸில் வைக்கலாம் போல இருக்கும்.

கெட்டி ஸ்பிரிங் சுற்றுவதைப் பார்க்க ஒரு சாயங்காலம் நானும் சதாசிவமும் எஸ்டேட்டுக்குப் போயிருந்தோம். சிவக்கக் காய்ந்த கம்பி உருளையில் சுற்றிக்கொண்டு வரும். சுற்றி முடித்ததும் எண்ணெய்த் தொட்டியில் போடுவார்கள். 'ஸ்ஸ்' என்று ஒரு சத்தம், கறுப்புப் புகை, தொண்டையில் ஒட்டும் ஒரு வாசனை. வெளியே ஷிப்ட் விட்டிருந்தது. ரோடு முழுக்க சைக்கிள். அந்த மணிச் சத்தத்தில் நாங்கள் பேசியது எங்களுக்கே கேட்கவில்லை. இன்று அந்த ரோட்டில் போனால் கண்ணாடிக் கட்டடங்கள் நிற்கின்றன. எனக்கு மட்டும் சூடான எண்ணெய் வாசனை அடிக்கும்.

எந்த ஜோடி என்பதில் எத்திராஜுக்கும் சதாசிவத்துக்கும் ஒத்துப்போகவில்லை. எத்திராஜ் கேஸ் ஷாக் கட்சி. "போட்டுப் பாருங்க சார், மெத்தை மேல குந்திகினு போறா மாதிரி இர்க்கும்." சதாசிவத்துக்குக் கட்சி கிடையாது. அவருக்கு அளவுதான். ஆள் உட்காராதபோது சீட்டு எவ்வளவு உயரம், உட்கார்ந்தால் எவ்வளவு இறங்குகிறது, இந்த வித்தியாசம்தான் தீர்ப்பு. அதிகம் இறங்கினால் பள்ளத்தில் அடி வாங்கும். இறங்காவிட்டால் ஸ்பிரிங் வேலை செய்யாது, உட்கார்ந்திருக்கிறவர் முதுகுதான் வேலை செய்யும்.

"அளந்து போட்டா தப்பாதுங்க சார். வாய்ல பேசி ஷாக் வாங்கறது, கண்ணை மூடீட்டுப் பொண்ணு பாக்கறாப்லங்க."

ஸ்டேஷன் மெஷின்

அளப்பதற்கு எடை வேண்டும். என் எடை எனக்குத் தெரியும். வசந்தாவின் எடை தெரியாது. கேட்டேன்.

"எதுக்கு?"

"ஸ்பிரிங்குக்கு."

"ஸ்பிரிங்கு கேட்டுச்சா?"

அத்தோடு விட்டிருக்கலாம். நான் விடவில்லை. ஆவடி ஸ்டேஷன் நடைமேடையில் அப்போது ஒரு எடை மெஷின் இருந்தது. காசு போட்டால் சிவப்பும் மஞ்சளுமாக விளக்குகள் சுற்றும், வட்டத் தட்டு கிறுகிறுக்கும், கொஞ்சம் யோசித்துவிட்டு ஒரு கெட்டி அட்டையைத் துப்பும். ஒரு பக்கம் எடை, மறுபக்கம் பலன். ஊரிலிருந்து அவள் தங்கை வந்தபோது வழியனுப்பப் போயிருந்தோம். இருவரும் விளையாட்டாக ஏறினார்கள். வசந்தா தன் அட்டையை என்னிடம் காட்டாமல் கைப்பைக்குள் போட்டுக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து அந்தக் கைப்பையிலிருந்து அதை எடுத்துப் பார்த்தேன். ஐம்பத்தாறு. பின்னால், 'உங்கள் நல்ல குணத்தை மற்றவர் புரிந்துகொள்வார்' என்று இருந்தது.

எண்ணைச் சதாசிவத்திடம் சொன்னேன். அவர் ரேஷன் கடைத் தராசில் மணலை நிறுத்து, இரண்டு பையில் கட்டி, ஞாயிற்றுக்கிழமை விடியற்காலை என் வண்டியின் மேல் ஏற்றிவிட்டார். ஆய்வாளர் பழக்கம் விடுமா, பையின் மேல் எழுதியும் வைத்துவிட்டார்.

எத்திராஜ் கேட்டது

ஏழு மணிக்கு எத்திராஜ் சைக்கிளில் வந்தார். கேரியரில் ஒரு கோணிப்பை, அதற்குள் இரண்டு ஜோடி ஷாக். கம்பெனி ஜோடியை முதல் நாளே கொண்டு வந்து கொடுத்திருந்தார்.

ஒவ்வொன்றாக மாற்றி மாட்டினோம். நான் முன்னால் உட்கார்ந்தேன், மூட்டை பின்னால் உட்கார்ந்தது. சதாசிவம் அளந்து நோட்டில் எழுதினார். கேஸ் ஷாக் ஒரு விரற்கடை நீளம் அதிகம். பக்க ஸ்டாண்டில் விட்டால் வண்டி விழுகிற மாதிரி சாய்ந்தது. எத்திராஜ் முகம் வாடி அதைக் கோணிக்குள் போட்டார். கம்பெனி ஷாக் சுமாராக இறங்கியது. கெட்டி ஸ்பிரிங் கொஞ்சம்தான் இறங்கியது.

"பொட்டி, பையெல்லாம் வேற வருமுங்க. கெட்டிதான்," என்று நோட்டை மூடினார் சதாசிவம்.

எத்திராஜ், கழற்றிப் போட்டிருந்த பழைய ஷாக்குகளைத் திண்டின் மேல் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். வலது பக்கத்து ஷாக் காய்ந்த தூசியோடு இருந்தது. இடது பக்கத்து ஷாக் எண்ணெய் கசிந்து, அதில் மண் ஒட்டிக் கருத்திருந்தது.

"அண்ணாத்தே, ஒண்ணு கேக்கட்டா? மூட்டைய எங்க வச்சீங்க?"

"சீட்டு மேலதானுங்க."

"சீட்டு மேல நடுவுல. ஊட்டம்மா நடுவுலயா குந்துவாங்க?"

சதாசிவம் மூட்டையைப் பார்த்தார். நானும் பார்த்தேன்.

"பொடவ கட்டிகினு ஒருபக்கமாத்தானே குந்துவாங்க? மொத்த வெயிட்டும் லெஃப்டு. சார் வண்டி நேரா போவணும்னு ரைட்டுல சாஞ்சுகினு ஓட்டுவாரு. பூந்தமல்லில ஃபேமிலி வண்டி எது வந்தாலும் லெஃப்டு ஷாக்குதான் மொதல்ல காலி. நானு எப்பவும் லெஃப்டு ஸ்பிரிங்க ஒரு படி டைட்டா முறுக்கி வச்சுத்தான் அனுப்புவேன்."

"அதெப்படீங்க? ஜோடின்னா ரெண்டும் ஒரே படியில இருக்கோணும். கம்பெனிப் புஸ்தகத்துலயே போட்டிருக்கறானுங்க."

"புக்கு எழுதுனவன் ஊட்ல யாரும் பொடவ கட்ல போல கீது, அண்ணாத்தே."

சதாசிவத்துக்குச் சிரிப்பு வரவில்லை. இருபது வருஷம் பீரங்கி வண்டிக்கு உதிரி பாகம் பார்த்துப் பார்த்து 'ஏற்கப்பட்டது', 'நிராகரிக்கப்பட்டது' என்று முத்திரை குத்தியவர். அவருடைய சோதனையே தப்பு என்று ஒருவர் மரத்தடியிலிருந்து வந்து சொல்கிறார். கயிற்றை அவிழ்த்தார். இரண்டு மூட்டைகளையும் இடது பக்கம் தள்ளித் தொங்கவிட்டுக் கட்டினார். வண்டி என்னையும் இழுத்துக்கொண்டு சாய்ந்தது. எத்திராஜ் பாய்ந்து பிடித்தார்.

அந்த நேரத்தில்தான் பால் வாங்கப் பையோடு வசந்தா வெளியே வந்தாள். மூட்டையைப் பார்த்தாள். எண்ணைப் படித்தாள்.

கோபம் வந்தால் அவளுக்கு அருப்புக்கோட்டைப் பேச்சு வந்துவிடும்.

"என்ன கூத்துப் பண்றீக மூணு பேரும்?"

மேலே பால்கனியில் சதாசிவத்தின் மனைவி புஷ்பா துணி உலர்த்துகிற சாக்கில் நின்றார்.

எத்திராஜ்தான் தைரியசாலி. "சிஸ்டர், கோச்சுக்காதீங்க. நீங்க ஒருபக்கமா குந்துறதுக்கு எந்த ஷாக்கு போட்றதுன்னு பேசிகினு கீறோம்" என்றார்.

வசந்தா பால் பையைத் திண்டில் வைத்தாள். பழைய ஷாக்குகள் இரண்டையும் பார்த்தாள். எண்ணெய் கசிந்ததை விரலால் தொட்டாள்.

"எந்தப் பக்கத்துது இது?"

"லெஃப்டு."

"எனக்கு வலி நடு முதுகுல இல்லை. வலது இடுப்புக்கு மேலதான். எப்பவும் அங்கதான். காலை இந்தப் பக்கம் தொங்கப் போட்டுட்டு, முகத்தை ரோட்டைப் பாக்கத் திருப்பிக்கிட்டே கடலூர் வரைக்கும் வந்தேன்." என் பக்கம் திரும்பினாள். "பத்து மாசமாச்சு. எந்தப் பக்கம் வலிக்குதுன்னு நீங்க ஒரு தடவை கேக்கலை."

யார், எங்கே, எப்போது என்று ஊர் முழுக்கக் கேட்டுக்கொண்டு திரிந்தவன் நான். இந்தக் கேள்வியை வீட்டில் கேட்கவில்லை என்பது உண்மைதான். டாக்டரும் கேட்டதாகத் தெரியவில்லை.

"அந்த மூட்டையை இறக்குங்க" என்றாள் வசந்தா. "நீங்க ஏறி உக்காருங்க. அண்ணே, நீங்க அந்தச் செவத்தைப் பாத்துத் திரும்பி நில்லுங்க."

சதாசிவம் சுவரைப் பார்த்துத் திரும்பினார். எத்திராஜ் ஸ்கேலோடு குனிந்து, "நான் டயரத்தான் பாக்கறேன் சிஸ்டர்" என்றார். என் தோளில் ஒரு கை விழுந்தது. வண்டி ஒரு தரம் அசைந்து அமிழ்ந்தது. புடவையைக் கணுக்காலுக்கு மேல் ஏற்றிப் பிடித்துக்கொண்டு, வசந்தா இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அப்போது எங்கள் குவார்ட்டர்ஸில் கல்யாணமான பெண் யாரும் அப்படி உட்கார்ந்து நான் பார்த்ததில்லை.

"எவ்ளோங்க?" சுவரைப் பார்த்தபடியே கேட்டார் சதாசிவம்.

எத்திராஜ் அளவைச் சொன்னார். கெட்டி ஸ்பிரிங் இப்போதும் கொஞ்சம்தான் இறங்கியிருந்தது; இதில் போனால் அவள் முதுகுதான் வேலை செய்யும். பத்து நிமிடத்தில் கம்பெனி ஷாக்கை மறுபடி மாட்டி, இரண்டாவது படியில் வைத்து, வசந்தாவை மறுபடி உட்காரச் சொன்னார்கள். சதாசிவம் மறுபடி சுவரைப் பார்த்தார். சீட்டு வேண்டிய அளவு இறங்கியது. இரண்டு பக்கமும் ஒரே அளவு.

"ரெண்டு பக்கமும் ஒரே படிதானுங்களே?" என்றார் சுவரிடம்.

"ஒரே படிதான் அண்ணாத்தே. உங்க புக்குதான் ஜெயிச்சுது" என்றார் எத்திராஜ்.

பால்கனியில் புஷ்பா அதே துண்டை மூன்றாவது தடவையாக உதறிக்கொண்டிருந்தார்.

அளவு எடுத்தவர்

புடவையோடு பத்து விநாடி உட்காரலாம், கோடியக்கரை வரை உட்கார முடியாது. வசந்தா கரையான்சாவடியில் ஒரு லேடீஸ் டெய்லரிடம் போனாள். சுடிதார் தைக்க வேண்டும் என்றாள்.

"பொண்ணுக்காம்மா? பாப்பாவைக் கூட்டிகினு வந்தாத்தானே அளவு எடுக்க முடியும்."

"எனக்குத்தான்."

டெய்லர் தலை நிமிர்ந்து பார்த்துவிட்டு, நாடாவை எடுத்துத் தன் மனைவியைக் கூப்பிட்டாராம். பழுப்பும் அரக்கும் கலந்த துணி. அழுக்குத் தெரியாது என்று அவளே எடுத்தது.

பழகுவதற்காக இரண்டு காலை வெள்ளானூர்ப் பக்கம் போனோம். அங்கே அப்போது வயல்தான். மாட்டுவண்டித் தடம் போட்ட மண் ரோடு. குவார்ட்டர்ஸ் ஆட்கள் யாரும் அந்தப் பக்கம் வரமாட்டார்கள். அதனால்தான் அந்த இடம். சுடிதாருக்கு மேல் ஒரு புடவையைச் சும்மா சுற்றிக்கொண்டு கேட்டைத் தாண்டுவாள். வெள்ளானூர் ஏரிக்கரையில் அதை அவிழ்த்து மடித்துப் பைக்குள் வைப்பாள்.

அந்த மண் ரோட்டில் ஒன்று கவனித்தேன். ஒருபக்கமாக உட்கார்ந்த நாட்களில் அவள் பேசியது வயலுக்குத்தான் போகும், எனக்குக் கேட்காது. 'ஆங்? ஆங்?' என்று கேட்டுக் கேட்டு இருவரும் பேச்சை விட்டிருந்தோம். இப்போது வாய் என் காதுக்கு நேராக இருந்தது. கல்யாணமான ஏழு வருஷத்துப் பேச்சும் பாக்கி இருந்தது போலப் பேசினாள்.

கடலூர்

தை மாதக் கடைசியில் ஒரு வியாழக்கிழமை புறப்பட்டோம். கேட்டைத் தாண்டும்போது புடவையில், ஒருபக்கமாகத்தான். கரையான்சாவடியில் எத்திராஜின் வீடு மெயின் ரோட்டுக்குப் பின்னால். அங்கே உடை மாற்றிக்கொண்டாள். புடவையை எத்திராஜின் மனைவியிடம் கொடுத்து, "ஞாயித்துக்கிழமை சாயங்காலம் வந்து மாத்திக்கிறேன்" என்றாள். எத்திராஜ் வழக்கம்போல வண்டியில் ஏறி இரண்டு தடவை குதித்துவிட்டு ஒன்றும் சொல்லாமல் இறங்கினார்.

செங்கல்பட்டு, திண்டிவனம், பாண்டிச்சேரி. ரோட்டோரப் புளியமரங்களில் வெள்ளைப் பட்டை அடித்திருந்தது. அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் வாசனை. நான் பின்னால் இருந்து வரும் ஒவ்வொரு அசைவையும் கணக்குப் பண்ணிக்கொண்டே ஓட்டினேன். அவள் கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தால் வேகத்தைக் குறைப்பேன்.

கடலூர்ப் பேருந்து நிலையம் தெரிந்தது. அதே டீக்கடை. சென்னை பஸ் ஒன்று கண்டக்டர் கூவக் கூவ நின்றுகொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்தேன். நிறுத்தினால் இறங்குவாள், இறங்கினால் நிமிர முடியுமோ என்னமோ. நிறுத்தாமல் போனால் நான் பயந்து ஓடுகிற மாதிரி இருக்கும்.

தோளில் இரண்டு தடவை தட்டினாள்.

"போங்க."

சிதம்பரம் தாண்டிச் சீர்காழியில்தான் இறங்கினோம். இறங்கியதும் இடுப்பில் கை வைத்தாள். நான் வண்டியைப் பிடித்தபடி நின்றேன்.

"எந்தப் பக்கம்?" என்றேன்.

மெதுவாக நிமிர்ந்தாள். "இப்ப ரெண்டு பக்கமும் சமமா வலிக்குது" என்று சொல்லிச் சிரித்துவிட்டு, மசால் தோசை இருக்கிறதா என்று கேட்கப் போனாள்.

வலி இல்லாமல் இல்லை. ராத்திரி தைலம் தேய்த்துக்கொண்டாள். மறுநாள் வேதாரண்யத்துக்குள் நுழைந்தபோது தொடை மரத்துப்போய், இறங்கி அரை மைல் நடந்தாள். நான் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு வந்தேன். உப்பளத்தில் குவித்திருந்த உப்பு வெயிலில் கண்ணைக் கூச வைத்தது. ஒருவர் சைக்கிளை நிறுத்தி, பெட்ரோல் தீர்ந்துவிட்டதா என்று கேட்டார்.

கோடியக்கரையில் ரோடு முடிந்த இடத்தில் மணல், கொஞ்சம் காய்ந்த மீன், உயரமில்லாத அலை. பெரிய காட்சி ஒன்றும் இல்லை. வசந்தா செருப்பைக் கழற்றிவிட்டுத் தண்ணீர் வரை போனாள். இடது பக்கம் பார்த்தாள், வலது பக்கம் பார்த்தாள். கரை இரண்டு பக்கமும் பின்வாங்கிப் போயிருந்தது.

"நான் வரைஞ்சது ரொம்பத் தப்பில்லை" என்றாள். "டீச்சர்தான் இங்க வந்திருக்க மாட்டாக."

அரை மணி நேரம் அங்கேயே நின்றாள். நான் மணலில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை

திரும்பும்போது கரையான்சாவடி நெருங்கியதும் எத்திராஜ் வீட்டுச் சந்துக்குள் திருப்ப வேகத்தைக் குறைத்தேன்.

"எதுக்கு?" என்றாள் காதோரம்.

"புடவை."

"அது எங்க போயிடப் போகுது? நேரா வீட்டுக்குப் போங்க."

குவார்ட்டர்ஸ் கேட்டுக்குள் நுழைந்தபோது மாலை நாலரை. ஞாயிறு என்பதால் எல்லோரும் வெளியேதான் இருந்தார்கள். குழாயடியில் குடத்தோடு நின்றவர்கள் திரும்பினார்கள். கேரம் போர்டைச் சுற்றி உட்கார்ந்திருந்தவர்கள் ஸ்ட்ரைக்கரைக் கையில் வைத்தபடி பார்த்தார்கள். வசந்தா யாரையும் பார்க்காமலும் இல்லை, யாரிடமும் எதையும் விளக்கவும் இல்லை. நாகர்கோவில் அம்மாளிடம், "தண்ணி வந்து ரொம்ப நேரமாச்சாக்கா?" என்று கேட்டாள். அவர், "இப்பத்தான் வந்துது" என்றார்.

சதாசிவம் நோட்டோடு மாடியிலிருந்து இறங்கி வந்தார். அவருக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

"எத்தனை தடவைங்க அடி வாங்குச்சு?"

நான் யோசித்தேன். வசந்தா யோசிக்கவில்லை.

"மூணு தடவைண்ணே. போறப்ப சிதம்பரம் தாண்டி ஒண்ணு. வர்றப்ப அதே எடத்துல ஒண்ணு. இன்னொண்ணு நம்ம கேட்டுக்கு வெளிய இருக்க பள்ளம்."

அவர் மூன்றையும் எழுதிக்கொண்டார். இடத்தின் பெயரோடு.

அன்று இரவு அவள் மல்லாந்து படுக்கவில்லை. குப்புறப் படுத்துத் தலையணையில் முகத்தை வைத்துக்கொண்டு, தனுஷ்கோடிக்கு ரோடு எப்படி என்று கேட்டாள். எனக்குத் தெரியவில்லை. காலையில் அலுவலகத்தில் விசாரிப்பதாகச் சொன்னேன். திங்கட்கிழமை அவள் புடவை கட்டிக்கொண்டு, சங்கு ஊதுவதற்கு முன்னால் வேலைக்கு நடந்து போனாள்.

அடுத்த ஞாயிறு காலை ஒன்பதரை மணிக்குப் பட்டாபிராமிலிருந்து ஒருவர் வந்து, வண்டி இந்த வீட்டில்தானே என்று கேட்டார். வசந்தா அவரை உள்ளே உட்காரவைத்துக் காபி கொடுத்து அனுப்பினாள்.